பதுங்கும் நிறம், பதுங்காத நிறம்: சின்ன நாய்களின் வம்சத்தை ரோமத்தில் படிக்க முடியுமா?

மேச்சேரி ஆடு என்றால் வெளிர் பழுப்பு. சேலம் கருப்பு வெள்ளாடு என்றால் பேருக்கேற்றபடி முழுக் கருப்பு. சேலம் மாவட்டத்தில் ஆடு வளர்க்கிற குடும்பங்களுக்கு நிறம்தான் இனத்தின் முதல் அடையாளம். தலைமுறை தலைமுறையாக அந்த நிறத்தையே பொறுக்கி வளர்த்ததால் அந்தக் கணக்குக்கு ஒரு நியாயம் இருக்கிறது. மேச்சேரி ஆட்டுக்கென்று பொட்டனேரியில் தனி ஆராய்ச்சி நிலையமே நடக்கிறது.

அதே கண்ணோடு நாய்க்குட்டியையும் பார்க்கும்போதுதான் சிக்கல் வருகிறது. அழகாபுரத்திலோ அம்மாப்பேட்டையிலோ ஒரு வீட்டில் டாஷ்ஹண்ட் (நீள உடம்பும் குட்டைக்காலுமான நாய்) குட்டி போடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுவனும் செவலை, பெட்டையும் செவலை. குட்டிகளில் ஒன்று மட்டும் கருப்பு உடம்பும் பழுப்புக் காலுமாகப் பிறக்கிறது. பார்க்க வந்தவர், "தெருநாய் சேர்ந்திருக்குங்க, இது கிராஸ்" என்று தீர்ப்புச் சொல்லிவிட்டுப் போய்விடுவார். நல்ல குட்டி சும்மா கைமாறிவிடும். இன்னொரு தெருவில் ஒருவர் சாம்பலில் கருந்திட்டு போட்ட பக் குட்டியை 'ரேர் கலர்' என்று கூடுதல் விலை கொடுத்து வாங்கி, ஒரிஜினல் என்று நம்பிக்கொண்டிருப்பார். முதல் வீட்டுச் சந்தேகம் தப்பு. இரண்டாவது வீட்டு நம்பிக்கையும் தப்பு. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான்: சில நிறங்கள் பல தலைமுறை பதுங்கியிருந்து திடீரென்று வெளியே வரும், சில நிறங்களுக்குப் பதுங்கவே தெரியாது. எந்த நிறம் எந்த வகை என்று தெரியாமல் ஒரு குட்டியின் அப்பனைச் சந்தேகிப்பது அநியாயம்.

நாயின் ரோமத்தில் இருப்பது இரண்டே நிறமிகள். ஒன்று யூமெலனின்: கருப்பு, அல்லது அதிலிருந்து மாறிய சாக்லேட், சாம்பல் நீலம். இன்னொன்று ஃபியோமெலனின்: செவலை, மஞ்சள், சந்தனம், கிரீம். இரண்டும் இல்லாத இடம் வெள்ளை. நாம் பார்க்கிற அத்தனை நிறமும், வரியும், திட்டும் இந்த இரண்டை எங்கே, எவ்வளவு, எப்போது தயாரிப்பது என்பதில்தான் பிறக்கின்றன.

ரோமக்காலில் இருக்கும் நிறமிச் செல்லின் மேல் எம்.சி.1.ஆர். என்ற ஏற்பி உட்கார்ந்திருக்கிறது. அது ஒரு சுவிட்ச் மாதிரி. போட்டிருந்தால் கருப்பு, அணைந்தால் மஞ்சள். அணைக்கிற வேலையைச் செய்வது அகூட்டி என்ற புரதம். அது உடம்பில் எந்தெந்த இடத்தில் சுரக்கிறதோ அந்தந்த இடம் செவலையாகும். இந்த அகூட்டி மரபணுவுக்குப் பல வடிவங்கள் உண்டு. ஒரு வடிவம் உடம்பு முழுவதும் செவலை தரும். இன்னொன்று முதுகைக் கருப்பாக விட்டு, புருவம், முகவாய், நெஞ்சு, கால் மட்டும் பழுப்பாக்கும். நாம் 'பிளாக் அண்ட் டேன்' என்று சொல்கிறோமே, அது இதுதான்.

மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார். பீட்டா டிஃபென்சின் என்ற புரதங்களை அதுவரை நோய்க்கிருமியோடு சண்டை போடுகிறவையாகத்தான் அறிந்திருந்தார்கள். அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புரதம் நாய்களில் இந்தச் சுவிட்ச்சை விடாமல் பிடித்துக்கொண்டு, அகூட்டியை உள்ளே வரவிடாமல் செய்கிறது என்பதை 2007ஆம் ஆண்டு கண்டுபிடித்தார்கள். விளைவு, முழுக் கருப்பு நாய். வட அமெரிக்காவின் கருப்பு ஓநாய்களுக்கு அந்தக் கருப்பு நாய்களிடமிருந்துதான் போனது என்று 2009இல் இன்னொரு ஆய்வு காட்டியது. ஓநாயிடமிருந்து நாய் வந்த கதை எல்லோருக்கும் தெரியும். நாயிடமிருந்து ஓநாய்க்கு நிறம் போன கதையும் உண்டு என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

சரி, டாஷ்ஹண்டுக்கு வருவோம். செவலை தரும் அகூட்டி வடிவம், கருப்பு-பழுப்பு தரும் வடிவத்தை விட ஓங்கியது. ஒவ்வொரு நாய்க்கும் அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று இரண்டு பிரதிகள். ஒன்று செவலை, மற்றது கருப்பு-பழுப்பு என்றால் வெளியே தெரிவது செவலை மட்டும். அப்படிப்பட்ட இரண்டு நாய்கள் சேர்ந்தால், ஒவ்வொரு குட்டிக்கும் கருப்பு-பழுப்பாகப் பிறக்க நாலில் ஒரு வாய்ப்பு. பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணிச் செடிக்குப் போட்ட அதே கட்டம்தான். ஆக, செவலை ஜோடிக்குப் பிறந்த அந்தக் கருப்புக் குட்டி அப்பன் பிள்ளையேதான். கொள்ளுத்தாத்தாவின் நிறம் இரண்டு தலைமுறை பதுங்கியிருந்து வந்திருக்கிறது, அவ்வளவுதான்.

கணக்கைத் திருப்பிப் போட்டால் கதையே வேறு. கடுவனும் பெட்டையும் கருப்பு-பழுப்பு என்றால் இருவரிடமும் செவலை வடிவம் இல்லை. இருந்திருந்தால் அவர்களே செவலையாக இருந்திருப்பார்கள். அந்த ஜோடிக்கு, காது நுனியிலும் முதுகிலும் கருமயிர் கலந்த செவலைக் குட்டி பிறந்தால், வேறொரு கடுவன் வந்து போயிருக்கிறது என்றே கொள்ள வேண்டும். நம் ஊர்த் தெருநாய்களில் செவலை எவ்வளவு சாதாரணம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இதற்கும் ஒரு விலக்கு உண்டு, அதைத் தெரிந்துகொள்ளாமல் யாரையும் குறை சொல்லக் கூடாது. எம்.சி.1.ஆர். ஏற்பியே உடைந்துபோன ஒரு வடிவம் இருக்கிறது. அது ஒடுங்கு பண்பு, இரண்டு பிரதியும் சேர்ந்தால்தான் வெளியே தெரியும். இரண்டு பிரதியும் உடைந்ததாக வந்துவிட்டால் சுவிட்ச்சைப் போடவே முடியாது. உடம்பில் ஒரு கருமயிர்கூட இல்லாமல் தூய செவலை அல்லது கிரீம் நிறத்தில் குட்டி பிறக்கும். மூக்கும் கண் ஓரமும் மட்டும் கருப்பாகவே இருக்கும். இந்த வடிவம் கருப்பு-பழுப்பு நாய்களுக்குள்ளும் பதுங்கும். அதனால் செவலைக் குட்டியைக் கையில் எடுத்தால் முதலில் காது ஓரத்தையும் வால் நுனியையும் பிரித்துப் பாருங்கள். கருமயிர் இருக்கிறதா, இல்லையா? பதில் அந்த நாலு மயிரில் இருக்கிறது. கொஞ்சம் வளர்ந்த பிறகு பார்ப்பது இன்னும் நல்லது.

சாக்லேட் நிறமும் பதுங்கும் வகை. டி.ஒய்.ஆர்.பி.1 என்ற மரபணுவின் மாறிய வடிவம் இரண்டு பிரதியாகச் சேர்ந்தால் கருப்பு நிறமி முழுவதும் பழுப்பாகிவிடும், மூக்கு உட்பட. இரண்டு கருப்பு-பழுப்பு டாஷ்ஹண்டுகளுக்குச் சாக்லேட் குட்டி பிறந்தால் அதில் சந்தேகப்பட எதுவுமே இல்லை.

கால் நீளத்தை வைத்தும் முடிவு கட்ட வேண்டாம். டாஷ்ஹண்டின் குட்டைக்கால், எஃப்.ஜி.எஃப்.4 என்ற மரபணுவின் கூடுதல் நகல் ஒன்று வேறொரு இடத்தில் போய் ஒட்டிக்கொண்டதால் வந்தது என்று 2009இல் தெரிந்தது. ஒரு நகல் வந்தாலே கால் குட்டையாகும். அதனால் தெருநாய்க்குப் பிறந்த கலப்புக் குட்டியும் ஓரளவு குட்டைக்காலோடு, பார்ப்பதற்கு 'ஒரிஜினல்' போலவே நடந்து வரும். நிறம் ஏமாற்றுகிற இடத்தில் உருவமும் சேர்ந்து ஏமாற்றும்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். பெட்டை நாய் பருவத்தில் பல நாள் கடுவனை ஏற்கும். கருமுட்டைகளும் ஒரே நாளில் முதிர்வதில்லை. எனவே ஒரே ஈற்றில் இரண்டு அப்பன்களின் குட்டிகள் பிறக்கலாம். ஒரு குட்டி கலப்பு என்று தெரிந்ததும் மொத்த ஈற்றையும் தள்ளிவிடுகிறார்கள். ஒவ்வொரு குட்டியையும் தனித்தனியாகத்தான் பார்க்க வேண்டும்.

பக் நாயில் கணக்கு இன்னும் எளிது. நாய்ச் சங்கங்கள் வகுத்த தரநிலைகளில் அதற்கு இருப்பது சந்தன வகை நிறங்களும் கருப்பும்தான். கருப்புப் பக்கின் கருப்பு, மேலே சொன்ன பீட்டா டிஃபென்சின் தரும் ஓங்கு நிறம். கருப்பு ஜோடிக்குச் சந்தனக் குட்டி பிறக்கலாம். சந்தன ஜோடிக்குக் கருப்புக் குட்டி பிறக்காது. ஹட்ச் கைபேசி விளம்பரம் வந்த காலத்திலிருந்து தமிழ்நாட்டு நகரங்களில் பக் வாங்காத தெரு இல்லை என்றாகிவிட்டது; ஆனால் இந்த ஒரு வரி வாங்குகிற பலருக்குத் தெரியாது.

சேலத்தில் அதிகம் வளர்வதும், அதிகம் தவறாக அழைக்கப்படுவதும் வெள்ளைப் பொமரேனியன்தான். நாம் அப்படிச் சொல்லி வளர்க்கும் வெள்ளை நாய்களில் பெரும்பாலானவை இந்தியன் ஸ்பிட்ஸ். இரண்டும் ஜெர்மன் ஸ்பிட்ஸ் என்ற ஒரே வேரிலிருந்து வந்தவை. பொமரேனியா என்பது பால்டிக் கடலோரத்தில் இன்றைய ஜெர்மனிக்கும் போலந்துக்கும் இடைப்பட்ட பகுதி. 1767இல் அரசி சார்லட் இங்கிலாந்துக்குக் கொண்டுவந்த பொமரேனியன்கள் இன்றைய பொம்மை நாய்களைவிடப் பல மடங்கு பெரியவை. விக்டோரியா மகாராணி 1888இல் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரத்திலிருந்து மார்க்கோ என்ற சிறிய செந்நிறப் பொமரேனியனை வாங்கிவந்த பிறகுதான் சிறிய உருவத்துக்கும் செம்மை நிறத்துக்கும் மவுசு ஏறியது. வெள்ளைக்காரர்கள் இந்தியாவுக்குக் கொண்டுவந்த ஸ்பிட்ஸ் நாய்கள் இங்கே தனிப் பாதையில் போய், நம் வெயிலைத் தாங்கி, இந்தியன் ஸ்பிட்ஸ் ஆயின. அந்த நாயைப் 'போலிப் பொமரேனியன்' என்று தாழ்த்திப் பேசுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காது. சித்திரை வெயிலில் சேலத்து ஓட்டு வீட்டில் சந்தோஷமாக இருக்கத் தெரிந்த நாய் அது.

அதன் வெள்ளைக்கு வருவோம். ஸ்பிட்ஸின் வெள்ளை, அந்த உடைந்த சுவிட்ச்சால் வருவது. கருப்பு நிறமி ரோமத்தில் வரவே வராது. மிஞ்சிய மஞ்சளையும் வேறு சில மரபணுக்கள் வெளிறச் செய்துவிடுகின்றன. காதுக்குப் பின்னால் லேசான பிஸ்கட் நிறம் சில நாய்களில் தெரிவது இதனால்தான். மூக்கு கருப்பாகவே இருப்பதும் இதனால்தான். இது ஒடுங்கு நிறம் என்பதால் வெள்ளையும் வெள்ளையும் சேர்ந்தால் இந்த வகை வெளிர் குட்டிகளே வரும். அதை 'தூய இனத்துக்கு' ஆதாரமாகச் சிலர் காட்டுவார்கள், ஆதாரம் ஆகாது. வெள்ளை ஸ்பிட்ஸ் பெட்டை ஒரு செவலைத் தெருநாயோடு சேர்ந்தால் குட்டிகள் வெள்ளையாகவும் இருக்காது, பெரும்பாலும் நீள ரோமமும் இருக்காது. நீள ரோமம் தரும் எஃப்.ஜி.எஃப்.5 மரபணுவும் ஒடுங்கு பண்புதான். அம்மாவின் சாயலே அழிந்துவிட்டது போலத் தெரியும். அந்தக் குட்டிகள் வளர்ந்து தங்களுக்குள் சேரும்போது, பேரன் பேத்திகளில் ஒன்று புசுபுசுவென்று வெள்ளையாக வந்து நிற்கும். நம் தெருக்களில் செவலைத் தாய்க்குப் பின்னால் ஓடும் அப்படியொரு குட்டியைப் பார்த்தால், அதன் பாட்டனோ பாட்டியோ யாரோ ஒருவர் வீட்டு மாடியில் வளர்ந்த ஸ்பிட்ஸாக இருக்க நல்ல வாய்ப்புண்டு.

உடைந்த சுவிட்ச் இன்னொரு வேலையும் செய்கிறது. மற்ற மரபணுக்கள் சொல்வதையெல்லாம் மூடி மறைத்துவிடுகிறது. வெள்ளை நாய்க்குள் முழுக் கருப்புக்கான மரபணு இருந்தாலும் வெளியே தெரியாது. வெள்ளைக்கும் செவலைக்கும் கருங்குட்டி பிறந்தால் அதிர்ச்சி வேண்டாம். இதே மறைப்புதான் அடுத்து வரும் விஷயத்தில் ஆபத்தாகிறது.

மெர்ல். டாஷ்ஹண்டில் 'டாப்பிள்' என்பார்கள். கருப்பு ரோமத்தில் ஆங்காங்கே சாயம் வெளுத்து, சாம்பலும் கருந்திட்டுமாக, சில சமயம் நீலக் கண்ணோடு வரும். பி.எம்.இ.எல். என்ற மரபணுவுக்குள் ஒரு டி.என்.ஏ. துண்டு புகுந்துகொண்டதால் வருவது என்று 2006இல் தெரிந்தது. இது ஓங்கு பண்பு. ஒரு பிரதி போதும், வெளியே தெரிந்துவிடும். அப்படியானால், பல தலைமுறை மெர்லே இல்லாத ஓர் இனத்தில் திடீரென்று மெர்ல் குட்டி முளைத்தால், வெளியிலிருந்து ரத்தம் வந்திருக்கிறது என்றுதான் பொருள். பக் இனத்தில் மெர்ல் எப்போதும் இருந்ததில்லை. பொமரேனியனின் தாய்நாடான ஜெர்மனியின் தரநிலை நிறப்பட்டியலில் மெர்ல் இல்லை. அமெரிக்காவில் ஏற்கிறார்கள். சிவாவா என்ற குட்டி நாயின் சர்வதேசத் தரநிலை எல்லா நிறங்களையும் ஏற்றுக்கொண்டு, மெர்லை மட்டும் பேர் சொல்லி விலக்குகிறது. டாஷ்ஹண்டில் அது பழைய நிறம். ஆகவே ஒரே நிறம், ஓர் இனத்தில் பரம்பரைச் சொத்து, இன்னோர் இனத்தில் கலப்பின் அடையாளம். 'ரேர் கலர்' என்று விற்பவர் கூடுதல் விலை கேட்பது பெரும்பாலும் இந்தக் கலப்புக்குத்தான்.

கலப்பு என்பதற்காக மட்டும் இதை எதிர்க்கவில்லை. கலப்பு நாய் நல்ல நாய்தான். கவலை வேறு. மெர்லும் மெர்லும் சேர்ந்தால் நாலில் ஒரு குட்டிக்கு அந்தத் துண்டு இரண்டு பிரதியாகப் போய்ச் சேரும். நிறமிச் செல்கள் உள்காதுக்கும் கண்ணுக்கும்கூடத் தேவை. இரட்டை மெர்ல் குட்டிகள் பல வெள்ளையாக, காது கேளாமல், கண் சிறுத்துப் பிறக்கின்றன. 2009இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரட்டை மெர்ல் நாய்களில் 10 சதவீதத்துக்கு ஒரு காதும், 15 சதவீதத்துக்கு இரண்டு காதும் கேட்கவில்லை. ஒற்றை மெர்லில் இந்த அளவு முறையே 2.7, 0.9 சதவீதம். அழகுக்காக ஒரு குட்டியைச் செவிடாக்குவது பாவம். இதில் நான் நடுநிலை வகிக்கத் தயாராக இல்லை.

மறைப்பின் ஆபத்து இங்கேதான். மெர்ல் கருப்பு நிறமியை மட்டுமே வெளுக்கும். உடைந்த சுவிட்ச் உள்ள கிரீம் அல்லது வெள்ளை நாயின் ரோமத்தில் கருப்பே இல்லாததால், மெர்ல் மரபணு இருந்தாலும் கண்ணுக்குத் தெரியாது. விவரம் தெரியாமல் அதை இன்னொரு மெர்லோடு சேர்த்துவிடுகிறார்கள். பதுங்காத நிறமும் பதுங்கும் முக்கியமான இடம் இது. புகுந்த துண்டு சற்றுக் குட்டையாகிப்போன நாய்களிலும் மெர்ல் தெரியாமல் போவதுண்டு.

'ப்ளூ' என்கிற சாம்பல் நீலம் இதற்கு நேர் எதிர். எம்.எல்.பி.எச். மரபணுவின் ஒடுங்கு வடிவம், நன்றாகப் பதுங்கும். அதை வைத்துக் கலப்பு என்றோ தூயது என்றோ கண்ணால் சொல்ல முடியாது. டாஷ்ஹண்ட், சிவாவா போன்ற சில இனங்களில் நீல நாய்களுக்கு வளர வளர ரோமம் உதிர்ந்து தோல் நோய் வரும் போக்கு இருக்கிறது என்பதை மட்டும் வாங்குகிறவர் அறிந்திருக்க வேண்டும்.

நிறம் இவ்வளவு சொல்லும். இதற்கு மேல் வம்சத்தைச் சொல்லாது. ஷிட்சூவையும் மால்டீஸையும் பக்கத்தில் வைத்தால் ஒன்றுவிட்ட சகோதரர்கள் போலிருக்கும். 2004இல் 85 இனங்களின் டி.என்.ஏ.வை ஒப்பிட்டபோது, ஷிட்சூ, லாசா ஆப்சோ, பெக்கினீஸ் மூன்றும் ஐரோப்பியச் சிறுநாய்களை விட்டு விலகி, ஜப்பானின் அகிடா போன்ற பழைய ஆசிய நாய்களின் கூட்டத்தில் போய்ச் சேர்ந்தன. அதே ஆய்வில் 99 சதவீத நாய்களை டி.என்.ஏ.வை மட்டும் வைத்தே சரியான இனத்தில் சேர்க்க முடிந்தது. சின்ன உருவத்தின் கதையும் இப்படித்தான். சிறிய நாய் இனங்கள் பெரும்பாலானவை ஐ.ஜி.எஃப்.1 மரபணுவின் ஒரே வடிவத்தைப் பகிர்கின்றன என்று 2007இல் கண்டார்கள். அந்த வடிவம் சுமார் 54,000 ஆண்டுகளுக்கு முந்தைய சைபீரிய ஓநாயிலேயே இருந்தது என்று 2022இல் தெரிந்தது. இப்படிப் பழைய மரபணுக்கள் எல்லா இனத்துக்கும் பொதுவாகப் பரவிக் கிடக்கின்றன. நாய்களின் மஞ்சள் நிற அகூட்டி வடிவம் ஒன்று, ஓநாய் வம்சத்திலிருந்து 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்பே பிரிந்து அழிந்துபோன ஒரு விலங்கிடமிருந்து வந்தது என்று 2021இல் ஓர் ஆய்வு சொன்னது. இனம் என்று நாம் பதிவேட்டில் எழுதுவதற்கு வயது அதிகமில்லை. நாய் இனங்களைப் பதிவு செய்யும் கென்னல் கிளப் லண்டனில் தொடங்கியதே 1873இல்தான்.

அப்புறம் அந்தப் பதிவேடு. நம் நாட்டில் சென்னையிலிருக்கும் கென்னல் கிளப் ஆஃப் இந்தியா பதிவு செய்கிறது. 'பேப்பர்' உள்ள குட்டி என்பது அதுதான். பேப்பர் நல்லதுதான், ஆனால் அதில் உள்ள அப்பா பெயர் வளர்ப்பவர் எழுதிக் கொடுத்தது. அவருடைய நாணயம் அளவுக்கே அதற்கு மதிப்பு. பதிவேட்டுக்குள்ளேயே திரும்பத் திரும்ப இணை சேர்ப்பதற்கு வேறொரு விலையும் உண்டு. 2021இல் 227 இனங்களை ஆராய்ந்தபோது சராசரி உள்ளினச் சேர்க்கை அளவு சுமார் 25 சதவீதம் என்று வந்தது. அண்ணன் தங்கையைச் சேர்த்தால் பிறக்கும் குட்டிக்கு வரும் அளவு அது. ஒரு புது நிறத்துக்காக அதே இரண்டு மூன்று கடுவன்களை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்ப்பவர்கள் இந்த எண்ணை இன்னும் ஏற்றுகிறார்கள்.

மே மாதக் கோடை விழாவில் ஏற்காட்டில் கால்நடை பராமரிப்புத் துறை நடத்தும் நாய்க் கண்காட்சிக்கு, 20 கொண்டை ஊசி வளைவு ஏறிச் சேலத்துக்காரர்கள் நாயைக் கொண்டுபோவார்கள். அங்கே ஒரு நாயைப் பார்த்து ஆசைப்பட்டு, "குட்டி எங்கே கிடைக்கும்?" என்று விசாரிப்பது வழக்கம். விசாரிக்கும்போது அந்த நாயின் நிறத்தோடு நின்றுவிடாமல், முந்தைய ஈற்றுகளில் என்னென்ன நிறம் வந்தது, அப்பா அம்மாவின் மூக்கு என்ன நிறம் என்று கேளுங்கள். பதுங்கியிருப்பது அதில்தான் தெரியும். யார்க்‌ஷயர் டெரியர் கருப்பாகப் பிறந்து பின்னால் நிறம் மாறும், ஆரஞ்சுப் பொமரேனியன் மங்கலாகப் பிறந்து தெளியும். லாசா ஆப்சோவும் ஷிட்சூவும் வளர வளர வெளிறும். ஆக, பிறந்த வாரத்துப் போட்டோவை நம்பி நிறத்துக்குப் பணம் கட்ட வேண்டாம். 2017ஆம் ஆண்டு மத்திய விதிகளின்படி எட்டு வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது. வளர்த்து விற்பவர் மாநில விலங்குகள் நல வாரியத்தில் பதிந்திருக்க வேண்டும். கிரீம் அல்லது வெள்ளை நாயை மெர்லோடு சேர்க்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், கன்னத்தின் உட்புறத்தில் பஞ்சால் துடைத்தெடுத்து டி.என்.ஏ. பரிசோதனை செய்து, மெர்ல் இல்லை என்ற முடிவு வந்த பிறகு சேர்க்கச் சொல்லுங்கள். முடிவு வரும்வரை இரண்டையும் தனித்தனியாகக் கட்டி வைக்கச் சொல்லுங்கள்.